பரிசோதனைக்கு அழைக்கும் அரசு, சிகிச்சைக்குப் பட்டியல் போடுவது ஏன்?

செங்காங் மலர்:

சிங்கப்பூரில் நடக்கும் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பற்றியும், காப்புறுதி பணம் கொடுக்கும் மருந்துகளின் பட்டியலைப் பற்றியும் விவரம் அறிந்தவர்களிடம் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறேன்.

ஐம்பது வயதைக் கடந்த என் நாத்தனார் இதுவரை ஒரு முறைகூட மேமோகிராம் எனும் மார்பக ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கொண்டதில்லை. வலியோ கூச்சமோ அதற்குக் காரணமில்லை. "கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? இப்போதெல்லாம் பட்டியலில் உள்ள மருந்துக்குத்தான் காப்புறுதி பணம் கொடுக்கிறதாம். வீட்டை விற்று வைத்தியம் பார்ப்பதைவிடத் தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன்" என்கிறார். படிக்காதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பவர். அவருடைய தோழிகள் சிலரும் இதையே சொல்வதாகக் கேள்விப்படுகிறேன்.

அவர் சொல்வதில் உண்மை எவ்வளவு, அச்சம் எவ்வளவு? பரிசோதனைக்கு வாருங்கள் என்று கடிதம் அனுப்பும் அதே சுகாதார அமைச்சு, சிகிச்சை மருந்துக்கு வரம்பு விதிப்பது வெறும் நிதி நிர்வாகமா, அல்லது யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் அரசியல் முடிவா? செய்திகளில் நான் படித்ததெல்லாம் மருந்து விலையைப் பற்றியதாகவே இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.

கணக்கர்:

மலர் அவர்களுக்கு, காப்புறுதித் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் நாத்தனார் சொல்லும் மாற்றம் உண்மையில் நடந்ததுதான். ஆனால் அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவு தவறு.

2022 ஆகஸ்ட் வரை, வெளிநோயாளியாகப் புற்றுநோய் மருந்து எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு, மருந்து எதுவாக இருந்தாலும், அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் மாதம் 3,000 வெள்ளி வரை கொடுத்து வந்தது. சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் மருந்துக்கும் அதே உச்சவரம்பு, அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள மருந்துக்கும் அதே உச்சவரம்பு. அதற்கு மேலே, தனியார் நிறுவனங்களின் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டங்களை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு, மருத்துவமனை போட்ட கட்டணம் ஏறக்குறைய அப்படியே கொடுக்கப்பட்டது. நோயாளிக்கு விலை தெரியத் தேவையில்லை; மருத்துவருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை; மருந்து நிறுவனத்துக்கோ விலையைக் குறைக்க எந்தக் காரணமும் இல்லை. இங்கே புற்றுநோய் மருந்துகளுக்கான செலவு ஆண்டுக்கு 20 விழுக்காடு கூடி வருவதாகவும், மற்ற மருந்துகளின் செலவு 6 விழுக்காடு மட்டுமே கூடுவதாகவும் சுகாதார அமைச்சு அப்போது சொன்னது. அந்த 20 விழுக்காட்டைக் கடைசியில் கட்டப்போவது யார்? சந்தா செலுத்தும் நாம் எல்லோரும்தான்.

2022 செப்டம்பர் 1 முதல் மெடிஷீல்டு லைஃபுக்கும், 2023 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த திட்டங்களுக்கும் புற்றுநோய் மருந்துப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. மருந்தின் பெயர் மட்டும் அதில் இருந்தால் போதாது. எந்தப் புற்றுநோய்க்கு, எந்த நிலையில், எந்த மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது என்பதும் பொருந்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. தொடங்கியபோது அந்த வரம்பு மாதம் 200 வெள்ளியிலிருந்து 9,600 வெள்ளி வரை இருந்தது. ஆகவே, விலை அதிகமான சில மருந்துகளுக்கு முன்பைவிடக் கூடுதலாகவே காப்புறுதி கிடைக்கிறது. இது உங்கள் நாத்தனாரின் காதுக்கு எட்டாத செய்தி.

பட்டியலில் இடம் வேண்டுமானால் நிறுவனங்கள் விலையைக் குறைக்க வேண்டும் என்பதுதான் இதன் உள்நோக்கம். மானியம் பெறும் மருந்துகளின் விலை அந்தப் பேச்சுவார்த்தையில் சராசரியாக 30 விழுக்காடும், சிலவற்றுக்கு 60 விழுக்காட்டுக்கு மேலும் இறங்கியதாக அமைச்சு தெரிவித்தது. அரசு மருத்துவமனையில் மானிய நோயாளியாகச் செல்பவருக்கு, காப்புறுதிக்கு முன்பே, வருமானத்தைப் பொறுத்து மருந்து விலையில் 75 விழுக்காடு வரை கழிகிறது. மீதத்துக்குத்தான் மெடிஷீல்டு லைஃப், நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் எல்லாம்.

இது அரசியல் முடிவா என்று கேட்டீர்கள். ஆம். பொதுப் பணத்தைப் பங்கிடும் எந்த முடிவும் அரசியல் முடிவுதான். இந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதை மக்களிடம் கொண்டுசென்ற விதத்தை ஆதரிக்க முடியாது. "உங்கள் காப்புறுதியில் மாற்றம்" என்று வந்த கடிதங்களைப் படித்தவர்களுக்கு, குறைத்துவிட்டார்கள் என்ற எண்ணம்தான் மிஞ்சியது.

புக்கிட் பாஞ்சாங் வாசகர்:

கணக்கர் ஐயா சொன்ன கணக்கில் குறையொன்றுமில்லை. ஆனால் அது பெரும்பான்மையோருக்கான கணக்கு. அரிதான புற்றுநோய் வந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையே?

ஒரு மருந்து பட்டியலில் இடம்பெற வேண்டுமானால் அது பலன் தருவதற்கான சான்று வேண்டும். மார்பகப் புற்றுநோய், பெருங்குடல் புற்றுநோய் போன்றவற்றில் ஆயிரக்கணக்கானோரை வைத்து ஆய்வு நடத்த முடியும். ஆண்டுக்கு ஒரு சிலருக்கே வரும் நோயில் அப்படிப்பட்ட ஆய்வு எப்போதுமே நடக்கப்போவதில்லை. அங்கே மருத்துவர்கள் கட்டியின் மரபணு மாற்றத்தைப் பார்த்து, வேறொரு புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பட்டியல் வந்த பிறகு அந்த வழி பணமுள்ளவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. பல ஆண்டுகள் சந்தா கட்டியவர், கட்டத் தொடங்கியபோது "வந்த கட்டணம் முழுவதும்" என்று படித்துக் கையெழுத்திட்டவர், நோய் வந்த நாளில் நிபந்தனை மாறியிருப்பதைக் காண்கிறார். ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 2023 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். அதன் பிறகு நோய்வாய்ப்பட்டவருக்கு அந்த அவகாசத்தால் என்ன பயன்?

இங்கிலாந்திலும் மருந்துகளின் பலனையும் விலையையும் எடைபோடும் மதிப்பீட்டு அமைப்பு ஒன்று 1999 முதல் இருக்கிறது. அது மறுத்த மருந்துகளைப் பெற முடியாத நோயாளிகளின் குரல் 2010 தேர்தலில் ஓங்கி ஒலித்தது. 2011-இல் அவர்களுக்கென்று தனியாகப் புற்றுநோய் மருந்து நிதி ஒன்றை அமைத்தார்கள். நம் நாட்டிலும் அப்படி ஒரு நிதியை ஏன் கேட்கக் கூடாது?

கணக்கர்:

கேட்கலாம், தம்பி. ஆனால் அந்தக் கதையின் பிற்பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 20 கோடி பவுண்டு என்று தொடங்கிய அந்த நிதி, சில ஆண்டுகளிலேயே 34 கோடியாக உயர்ந்தும் போதவில்லை. தேர்தல் வாக்குறுதியாகப் பிறந்ததால் அதற்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியவில்லை. 2016-இல் அதைக் கலைத்துவிட்டு வேறு விதமாக அமைத்தார்கள்: சான்று போதாத மருந்துக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பணம், அதற்குள் நோயாளிகளிடமிருந்து தகவல் திரட்டி இறுதி முடிவு. பழைய நிதியின் மூலம் கொடுக்கப்பட்ட மருந்துகளில் பெரும்பாலானவை நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது.

இந்த இரண்டாவது வடிவத்தை நீங்கள் கேட்டால், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். அரிய புற்றுநோய்க்கு அதுதான் பொருத்தமான வழி. அதுவரை, பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கென்று சில நிறுவனங்கள் விற்கும் இணைப்புக் காப்புறுதி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் நோய் வருவதற்கு முன் பார்த்துவைப்பது நல்லது. நோய் வந்தபின் அதை வாங்க முடியாது.

பழைய தாதி:

மலருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆண்கள் இருவரும் விலையுயர்ந்த மருந்துகளைப் பற்றி நன்றாகவே வாதிட்டார்கள். நாத்தனார் எடுக்கத் தயங்குவது மேமோகிராம் அல்லவா?

மார்பகப் புற்றுநோய் தொடக்க நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால், சிகிச்சையின் பெரும்பகுதி அறுவை சிகிச்சையும் கதிரியக்கமும்தான். அதன் பிறகு பலருக்கு ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ ஹார்மோன் மாத்திரை. அந்த மாத்திரைகளில் தமோக்சிஃபென் போன்றவை காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன பழைய மருந்துகள், விலையும் குறைவு. மாதம் பல்லாயிரம் வெள்ளி என்று நாம் அஞ்சும் மருந்துகளின் தேவை பெரும்பாலும் நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகுதான் எழுகிறது. அதுவும் சில வாரங்களில் முடிவதில்லை. மருந்து கேட்கும் வரை தொடர வேண்டும். ஆகவே செலவுக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெண், எந்தச் செலவுக்குப் பயந்தாரோ அதை நோக்கியே நடக்கிறார். தொடக்க நிலையிலும் கீமோதெரபியோ, புற்றுநோய் அணுக்களைக் குறிவைக்கும் இலக்கு மருந்தோ தேவைப்படும் வகைகள் உண்டு, அதை நான் மறைக்கவில்லை; ஆனால் அங்கும் வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகள் பட்டியலுக்குள்ளேயே இருக்கின்றன.

இப்போது அரசியலுக்கு வருகிறேன். நாடு தழுவிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் இங்கே 2002-இல் தொடங்கியது. ஐம்பது முதல் அறுபத்தொன்பது வயது வரை ஈராண்டுக்கு ஒரு முறை என்பது பரிந்துரை. நாற்பதுகளில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கலந்து பேசி ஆண்டுக்கொரு முறை எடுக்கலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், அண்மைய தேசிய ஆய்வுகளில் அந்த வயதுப் பெண்களில் ஈராண்டுக்குள் மேமோகிராம் எடுத்தவர்கள் 40 விழுக்காட்டைத் தொடவில்லை. ஒவ்வொரு முறை இது பேசப்படும்போதும் கட்டணத்தைக் குறைப்பதுதான் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. குடிமக்களுக்கு இந்தத் திட்டத்தில் மேமோகிராம் ஏற்கெனவே 50 வெள்ளியைத் தாண்டுவதில்லை. மெர்டேக்கா, முன்னோடித் தலைமுறையினர் எனப்படும் மூத்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. பெருங்குடல் புற்றுநோய்க்காக, மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காணும் சோதனைப் பெட்டி இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே மருந்தகத்தில் பதிந்து உடல்நலம் பேணும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்குப் பதிந்த மருந்தகத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கும் கட்டணம் இல்லை. இலவசமான பெட்டியையே வாங்கி வீட்டில் வைத்துவிட்டு அனுப்பாதவர்கள் எத்தனை பேர்! பரிசோதனையின் விலை தடையாக இருந்த காலம் பெரும்பாலோருக்குப் போய்விட்டது. முடிவு சரியில்லை என்று கடிதம் வந்தால் அடுத்து எங்கே போவது, எவ்வளவு ஆகும், யார் கட்டுவார் என்பது தெரியாததுதான் இப்போதைய தடை. அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் அதை எழுதலாமே? நான்கு மொழியிலும் எழுதட்டும். மானியப் பிரிவில் திசு எடுத்துச் சோதிக்க இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு மெடிஷீல்டு லைஃப் இவ்வளவு, மெடிசேவில் இவ்வளவு, கட்ட முடியாதவர் மருத்துவ சமூக சேவகரைப் பார்த்து அரசின் உதவி நிதியான மெடிஃபண்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று எழுதினால், உங்கள் நாத்தனாரைப் போல் கணக்குத் தெரிந்தவர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்பதாக இருந்தால் நான் கேட்பது இதைத்தான்.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். மேமோகிராமுக்குப் பிறகு மறுபடி வரச் சொன்னால் புற்றுநோய் என்று பொருளல்ல; அப்படி அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருப்பதில்லை. பரிசோதனைக்கும் குறைகள் உண்டு: அடர்ந்த மார்பகத்தில் சில கட்டிகள் படத்தில் தெரியாமல் போகலாம், ஒருபோதும் தொல்லை தந்திராத சிறு மாற்றங்களும் சிகிச்சைக்கு உள்ளாகலாம். அடுத்தது அதைவிட முக்கியம். கையில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ, மேமோகிராம் பேருந்து வரும் வரை காத்திருக்கக் கூடாது. பரிசோதனைத் திட்டம் அறிகுறி இல்லாதவர்களுக்கானது. அறிகுறி உள்ளவர் உடனே அரசின் பலதுறை மருந்தகத்துக்குப் போக வேண்டும்.

தேக்கா தொண்டர்:

தாதி அம்மா சொன்ன கடிதம் யாருக்கெல்லாம் போகாது என்பதையும் பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் சிலரோடு நானும் செல்வதுண்டு. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் நம்மவர்கள் அவர்களில் பலர். மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு முதலாளி காப்புறுதி எடுக்க வேண்டும். 2023 ஜூலை முதல் அதன் குறைந்தபட்ச வரம்பு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளிக்கு உயர்த்தப்பட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் உரியது. கீமோதெரபி பெரும்பாலும் வெளிநோயாளியாகப் பெறுவது. ஊழியரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. மாதக்கணக்கில் நீளும் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தாங்கும் சிறு குத்தகையாளர் எத்தனை பேர் இருப்பார்கள்? வேலை அனுமதி ரத்தாகி ஊருக்கு அனுப்பப்படுவதே இயல்பான முடிவு என்று எல்லோரும் பேசாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஊருக்குப் போனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் அதற்கு வருமானச் சான்று வேண்டும். மகன் சிங்கப்பூரில் சம்பாதித்ததாலேயே வரம்பைத் தாண்டிவிட்ட குடும்பங்கள் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தைப் பற்றி நாங்கள் எப்போதும் சொல்லியனுப்புகிறோம். போகும்போது இங்கே எடுத்த திசு அறிக்கை, ஸ்கேன் படங்கள், மருத்துவரின் சுருக்கக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகும்படி யாரேனும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவை இல்லாமல் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

வீட்டுப் பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாய மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் கருவுற்றிருக்கிறாரா, தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் முன்னால் போய் உட்காரும் பெண்ணிடம் மார்பகத்தைப் பற்றியோ கருப்பைவாயைப் பற்றியோ கேட்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. மருந்துப் பட்டியலைப் பற்றி நாடாளுமன்றத்தில் எவ்வளவு வாதிட்டாலும், வாக்கு இல்லாத இவர்களின் பெயர் அங்கே எழுவது அரிது.

புக்கிட் பாஞ்சாங் வாசகர்:

தொண்டர் சொல்வது நியாயம். ஆனாலும் தாதி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தொடக்க நிலையில் செலவு குறைவு என்பதை வைத்துக்கொண்டு மக்களை அழைத்துவிட்டு, அவர்களில் சிலருக்கு நோய் திரும்பி வரும்போது "இது பட்டியலில் இல்லை" என்று சொல்வது எப்படிச் சரியாகும்? அழைத்தவருக்குப் பொறுப்பு உண்டல்லவா?

பழைய தாதி:

உண்டு. அதனால்தான் கணக்கர் ஐயா சொன்ன அந்தத் தற்காலிக நிதி இங்கேயும் வேண்டும் என்கிறேன். அது வரும் வரை பரிசோதனைக்குப் போகாதீர்கள் என்று மட்டும் என் வாயால் வராது.

செங்காங் மலர்:

எல்லோருக்கும் நன்றி. நாத்தனாரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். கணக்கர் ஐயா கொடுத்த எண்களைவிட, தொடக்க நிலைச் சிகிச்சையின் பெரும்பகுதி மருந்துப் பட்டியலோடு தொடர்பில்லாதது என்பதுதான் அவரை யோசிக்க வைத்தது. இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் நிரந்தரவாசி, கட்டணம் குடிமக்களுக்குச் சொன்னதுதானா என்று கேட்கிறார். பிறகு, தனியார் மருந்தகத்தில் எடுத்துவிட்டு, ஏதாவது தெரிந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய்க்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்.

பழைய தாதி:

நிரந்தரவாசிகளுக்கும் திட்டத்தில் மானியம் உண்டு. ஆனால் குடிமக்களைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டும், சிகிச்சை மானியமும் அவர்களுக்குக் குறைவு. மெடிஷீல்டு லைஃப் இருவருக்கும் உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர் என்பதால் மேமோகிராமுக்கு மெடிசேவையும் பயன்படுத்தலாம்.

தனியார் வழியாகத் தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பலதுறை மருந்தகத்திலிருந்தோ, அரசு மானியத் திட்டத்தில் சேர்ந்த சாஸ் மருந்தகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால்தான் மானிய நோயாளியாகப் பதிவாவார். தனியாரில் தொடங்கியவர் பிறகு மாற நினைத்தால், மீண்டும் பலதுறை மருந்தகத்துக்கு வந்து, கடிதம் வாங்கி, வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். முன்பதிவு செய்யும்போது அடையாள அட்டையையும், முன்பு வேறு எங்காவது படம் எடுத்திருந்தால் அதையும் கொண்டு வரச் சொல்வார்கள். படம் எடுக்கும் நாளன்று பவுடரோ வாசனைத் திரவியமோ போட்டுக்கொள்ள வேண்டாம். படத்தில் புள்ளியாகத் தெரிந்து வீணாகக் குழப்பும்.